படத்தின் பின்பக்கம்



நமது காலாண்டிதழில் சென்ற முறை தண்ணீர் மீட்டர் பற்றி எழுதினேன். இந்த முறை சரித்திரம். வணிகவியல் படித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் ஒரு துணிப்பை.

இரண்டு மாதத்திற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கக் கீழே இறங்கினேன். நம் கேட் அருகே பழைய பேப்பர்காரர் எடை போட்டுக்கொண்டிருந்தார். செய்தித்தாள் கட்டுகளுக்கு மேல் ஒரு துணிப்பை. அதன் வாயிலிருந்து ஒரு மீன்கொத்தியின் நீல இறக்கை தெரிந்தது. அந்த நீலத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நம் பி பிளாக் மாமி வரைந்தது.

மாமி காலமாகி ஒரு வருடம் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு நாள் லீவில் வந்து இருபது வருடச் சாமானைப் பிரிப்பவருக்கு எது படம், எது குப்பை என்று பார்க்க நேரம் எங்கே? பேப்பர்காரர் மூன்று கிலோ சொச்சம் என்றார். ஐம்பது ரூபாய் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பரப்பி எண்ணினேன். 63 வாழ்த்து அட்டைகள், 11 பெரிய படங்கள்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் குடியிருப்பில் குழந்தை பிறந்தாலும், அறுபதாம் கல்யாணம் என்றாலும், கிரகப்பிரவேசம் என்றாலும் மாமியிடமிருந்து ஓர் அட்டை வரும். கெட்டியான தாளை இரண்டாக மடித்து, முன்பக்கம் ஒரு பறவையோ ஒரு பூவோ வரைந்திருப்பார். ரோஜா, மயில் எல்லாம் கிடையாது. தும்பை, நெருஞ்சி, எருக்கு, ஆவாரை. செண்பகம், தேன்சிட்டு, தவிட்டுக் குருவி. எல்லாம் பின்புறக் காலி மனையிலும் குட்டையிலும் அவர் பால்கனியில் நின்று பார்த்தவை. சங்க அலுவலகத்தில் புகார்ப் புத்தகத்திற்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய கொண்டலாத்திப் படமும் அவருடையதுதான்.

பையிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் பெயர் இல்லை, தேதி இல்லை. ஒரு சமயம் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "மாமி, கையெழுத்து இல்லாத வவுச்சர் எங்கள் பாங்கில் செல்லாது." அவர் சிரித்துக்கொண்டே, "போங்கோ சார், பொழுது போகாம வரையறேன். அதுக்குப் போய் கையெழுத்தா?" என்றார்.

அன்று நானும் சிரித்துவிட்டேன். இப்போது அந்தப் பதில் சரிதானா என்ற கேள்வி வந்தது. இதற்கு முன் நம் ஊர்ப் பறவைகளையும் பூக்களையும் வரைந்தவர்கள் யார், அவர்கள் படங்கள் என்ன ஆயின என்று தேடிப் படித்தேன். படித்ததில் மூன்று கதைகளை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் கதை நம் சென்னையுடையது.

1801-ஆம் ஆண்டு மதராஸில் புதிதாகச் சுப்ரீம் கோர்ட் நிறுவப்பட்டது. அதில் ஒரு நீதிபதி சர் ஹென்றி க்வில்லிம். அவர் மனைவி எலிசபெத், இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் ஊர்க்காரர், 1763-இல் பிறந்தவர். தங்கை மேரி சைமண்ட்ஸையும் கூட அழைத்து வந்தார். நீதிபதியின் மனைவி என்றால் விருந்து, சாரட் வண்டி, வேலைக்காரர் பட்டாளம் என்று காலம் போயிருக்கலாம். எலிசபெத் தெலுங்கு படித்தார். செடிகொடிகளைப் பற்றி ரோட்லர் என்ற பாதிரியாரிடம் கற்றார். இந்த ரோட்லர்தான் பிற்பாடு தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர். விதைகளைச் சேகரித்து லண்டன் நாற்றங்கால் ஒன்றுக்கு அனுப்பினார். இவை எல்லாவற்றுக்கும் நடுவே பறவைகளை வரைந்தார்.

நீர் வண்ணத்தில், பலவற்றைப் பறவையின் உண்மையான அளவிலேயே வரைந்தார். ஒரு சிட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கழுகையும் நாரையையும் அந்தக் கணக்கில் வரைவதென்றால் எவ்வளவு பெரிய தாள் வேண்டும், எத்தனை நாள் குனிந்து நிற்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பறவைகளை உயிரளவில் வரைந்து உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ஆடுபான். அவருடைய புத்தகம் வெளிவரத் தொடங்கியது 1827-இல். எலிசபெத் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மதராஸில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அக்காவும் தங்கையும் ஊரில் இருந்த தாய்க்கும் சகோதரிக்கும் நீண்ட கடிதங்கள் எழுதினார்கள். மதராஸின் கடைத்தெரு, சாப்பாடு, பூக்கள், பறவைகள் எல்லாம் அவற்றில் உண்டு. கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவருக்கு "நான் பார்த்ததை நீயும் பார்" என்று அனுப்புவதுதானே வாழ்த்து அட்டையின் ஆரம்பமும்?

எலிசபெத் 1807 டிசம்பர் 21-இல் மதராஸிலேயே இறந்தார். வயது நாற்பத்து நான்கு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கணவருக்கோ கவர்னர் வில்லியம் பெண்டிங்குடன் பெரிய தகராறு. அவர் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். படங்கள் எதுவும் புத்தகமாக அச்சேறவில்லை.

அதன் பின் 1924-ஆம் ஆண்டு. கேசி வுட் என்ற கண் மருத்துவர், பறவை நூல்களைத் தேடிச் சேர்ப்பவர், லண்டனில் விற்பனைக்கு வந்த ஒரு படத்தொகுப்பைப் பார்த்தார். பறவைப் படங்கள் மட்டும் 121. பிரமித்துப்போய் வாங்கி, கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். இந்த க்வில்லிம் அம்மாள் யார் என்று விசாரித்து அடுத்த வருடம் ஒரு பறவையியல் இதழில் கட்டுரை எழுதினார். 1807-இல் நின்ற கதை 1924-இல் தொடர்கிறது. இடையில் 117 வருடம் ஒருவருக்கும் தெரியாது. வுட் அன்று அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்? நம் பேப்பர்காரர் தராசு ஞாபகத்திற்கு வருகிறதா?

பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தக் கடிதங்களையும் மெக்கில் படங்களையும் சேர்த்து வைத்து, சமீப ஆண்டுகளில்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். படங்களை இணையத்தில் நீங்களும் பார்க்கலாம். மக்னோலியா மர இனத்தில் ஒரு பிரிவுக்கு இன்றும் க்வில்லிமியா என்று இவர் பெயர்தான். பாரிமுனைக் கிளையில் நான் எட்டு வருடம் வேலை பார்த்தேன். கோட்டை நடந்து போகும் தூரம். ஒரு நாள் கூட அந்தத் தேவாலயத்துக்குள் போனதில்லை.

இரண்டாவது கதை கல்கத்தாவுடையது. மதராஸ் கதைக்கு இருபது இருபத்தைந்து ஆண்டுகள் முந்தையது.

அங்கேயும் ஒரு நீதிபதியின் மனைவி. தலைமை நீதிபதி சர் எலைஜா இம்பே. மனைவி மேரி இம்பே. தோட்டத்தில் பறவைகளும் விலங்குகளும் வளர்த்தார். எலிசபெத்தைப் போலத் தானே வரையவில்லை. பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று ஓவியர்களை அமர்த்தி, 1777 முதல் வரையச் செய்தார். முகலாயர் கால முறையில் பயின்ற கைகள். ஒரு இறகின் இழை கூடத் தப்பாது. ஆனால் தாளும் வண்ணமும் ஆங்கிலேயர் பாணி. ஐந்தாறு வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். பாதிக்கு மேல் பறவைகள்.

மேரி இம்பே இங்கிலாந்து திரும்பினார். 1810-இல் அந்தத் தொகுப்பு லண்டனில் ஏலம் போனது. ஒரு படம் இங்கே, ஒரு படம் அங்கே என்று பல ஊர்களுக்குப் பிரிந்தன. ஆனால் எங்கே போனாலும் அந்தப் படங்கள் யார் வரைந்தவை என்று இன்றும் சொல்ல முடிகிறது. காரணம், படத்தின் கீழ் ஓரத்தில் எழுதி வைத்தார்கள். இன்னாருடைய சேகரிப்பு, கல்கத்தா, வரைந்தவர் பாட்னாவைச் சேர்ந்த இன்னார், இந்த ஆண்டு. ஓவியர் பெயர் பாரசீக எழுத்திலும் இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு டிமாண்ட் டிராஃப்ட் ஞாபகம் வந்தது. எந்தக் கிளை கொடுத்தது, என்ன தேதி, யார் கையெழுத்து என்ற மூன்றும் இருந்துவிட்டால் டிராஃப்ட் எந்த ஊருக்குப் போனாலும் செல்லும். அந்த ஒரு வரியால், 240 வருடத்திற்கு முன் சம்பளத்திற்கு வேலை செய்த மூன்று பேரின் பெயர் இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

மூன்றாவது கதைக்கு மறுபடி நம் பக்கம் வருவோம். இது பூக்களின் கதை.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் கம்பெனி வேலையில் மதராஸ் வந்தார். தாவரங்களில் பைத்தியம். பிற்பாடு கோயம்புத்தூரில் பருத்திச் சாகுபடிப் பரிசோதனைக்கும் பொறுப்பேற்றார். தென்னிந்தியச் செடிகளைப் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாகப் புத்தகம் போட்டார். மொத்தம் 2101 படங்கள். நீலகிரி மலர்களுக்காக வண்ணப் படங்களோடு தனியே ஒரு நூலும் வந்தது. கோட்டு வேலியிலும் மலைச் சரிவிலும் தானாக முளைத்து, யாரும் பெயர் கேட்காமல் உதிர்ந்துபோகும் பூக்கள் அவை.

அவற்றை வரைந்தவர் வைட் அல்ல. முதலில் ரங்கையா, அவருக்குப் பின் 1840-களின் நடுவிலிருந்து கோவிந்து. செடியைத் தாளில் வரைவதோடு, பூவைப் பிரித்து உள்ளே இருக்கும் சூலகம், மகரந்தம், விதை ஒவ்வொன்றையும் பெரிதாக்கி வரைய வேண்டும். ஒரு இதழ் கூடக் குறைந்தால் அது வேறு செடி ஆகிவிடும். பாலன்ஸ் ஷீட்டில் ஒரு பூஜ்யம் விட்டுப்போவது போல.

வைட் ஒரு நல்ல காரியம் செய்தார். அச்சான பல படங்களில் ஓவியர் பெயரைப் போட்டார். அதோடு நிற்கவில்லை. 1853-இல் ஒரு ஆர்க்கிட் செடிக்கு கோவிந்துவின் பெயரையே வைத்து கோவிந்தூயா என்று அழைத்தார். தாவரவியலில் கவர்னர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கிடைக்கும் மரியாதை, ஒரு இந்திய ஓவியருக்குக் கிடைத்தது. இன்று அந்தச் செடியை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். இருந்தாலும் பதிவில் கோவிந்து பெயர் அழியவில்லை. ரங்கையா, கோவிந்து இருவரின் கையால் ஆன மூலப் படங்கள் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன.

சரி, இவை எல்லாம் பெரிய தாளில், புத்தகத்திற்காக வரைந்த பெரிய படங்கள். மாமியின் சின்ன அட்டைகளை இவற்றோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். அட்டைக்கும் ஒரு சிறு சரித்திரம் உண்டு.

இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. மூன்றே வருடத்தில், 1843-இல், ஹென்றி கோல் என்பவர் எல்லோருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரம் இல்லாமல், ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். அஞ்சல் மலிவானதும் அட்டை பெருகியது. அட்டை பெருகியதும் அதில் பறவையும் பூவும் வந்து உட்கார்ந்தன. அந்த ஊரின் சிவப்பு மார்புள்ள ராபின் குருவி அட்டைகளில் நிறைய வரும். அக்காலத் தபால்காரர் சிவப்புச் சட்டை போட்டதால் அவரையே ராபின் என்று அழைத்தார்களாம். நம் நாட்டில் காலணா போஸ்ட் கார்டு 1879-இல் வந்தது. நாம் சிறுவர்களாக இருந்தபோது பொங்கலுக்கு வாங்கிய அட்டைகள் அந்த வழியில் வந்தவைதான். கரும்பும், காளையும், சினிமா நட்சத்திரங்களும் போட்ட அட்டைகள். இப்போது அவை போய், ஒரே படம் வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போகிறது.

அச்சடித்த அட்டையில் ராபின் எந்த ஊரிலும் ஒரே ராபின். கையால் வரைந்த அட்டையில் அப்படி இல்லை. மாமியின் அட்டைகளில் ஐந்தில் தாழைக்கோழி இருக்கிறது. நெற்றியில் சிவப்பு, அலகு நுனியில் மஞ்சள், பின்னால் ஆகாயத்தாமரை இலை. நம் பின்புறக் குட்டையில் நீந்திக்கொண்டிருந்த கோழிதான். இன்று அந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. எந்த வருடம் வரை தாழைக்கோழி வந்தது? குட்டை எப்போது வற்றியது? நம் சங்கத்தின் கோப்புகளில் இதற்குப் பதில் இல்லை. அட்டையில் தேதி மட்டும் இருந்திருந்தால், அதுவே பதிவு. க்வில்லிம் அம்மாளின் படங்களை இன்று பறவை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். இருநூறு வருடத்திற்கு முன் மதராஸில் என்னென்ன பறவை இருந்தது என்பதற்கு அவை சாட்சி.

ஆகவே வரையும் உங்கள் எல்லோருக்கும், குறிப்பாக நம் குழந்தைகளுக்கு, ஒரு குமாஸ்தாவின் விண்ணப்பம். படத்தின் பின்பக்கம் நான்கு விஷயம் எழுதுங்கள். வரைந்தவர் பெயர், தேதி, பார்த்த இடம், பறவை அல்லது பூவின் பெயர். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு யாராவது நிரப்புவார்கள். பென்சிலால் எழுதினால் போதும். பேனா மை சில சமயம் ஊறி முன்பக்கம் வந்துவிடும். அரை நிமிட வேலை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

மாமியின் படங்களின் பின்னால் நானே எழுதி வைக்கலாம் என்று பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அட்டையைத் திருப்பி, வரைந்தவர் என்று எழுதி நிறுத்தினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? மாமியின் பெயர் எனக்குத் தெரியாது. பதினான்கு வருடம் எதிர் பிளாக்கில் இருந்திருக்கிறேன். அவர் கையால் காபி குடித்திருக்கிறேன். என் பேத்தி பிறந்ததற்கு அவர் தந்த தேன்சிட்டு அட்டை என் பூஜை அலமாரியில் இருக்கிறது. என் மனைவியைக் கேட்டேன். "பி பிளாக் மாமி" என்றாள். வாட்ச்மேனும் அதையே சொன்னார். சங்கத்தின் பராமரிப்புக் கட்டணப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். முதலில் கணவர் பெயர். அவருக்குப் பின் மகன் பெயர். ஆயிரக்கணக்கான மாதிரிக் கையெழுத்து அட்டைகளைச் சரிபார்த்தவன் நான். இவருடையதைக் கேட்கவே இல்லை. லேடி க்வில்லிம், லேடி இம்பே என்று கணவர் பெயரிலேயே அந்தப் பெண்களை அழைத்த காலத்தைப் படித்து உச்சுக் கொட்டியவன், இருபத்தோராம் நூற்றாண்டில் அதையும் விடக் குறைவாகச் செய்திருக்கிறேன்.

மகனுக்கு போன் செய்தேன். பை கிடைத்த விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். அது படங்களோடு சேர்ந்து முதன்முதலாக அச்சில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதனால் இங்கே எழுதவில்லை. 74 படங்களின் பின்பக்கமும் எழுதிவிட்டேன்.

இனி உங்கள் பங்கு. மாமி கொடுத்த அட்டை உங்கள் வீட்டிலும் நிச்சயம் இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில், கல்யாண ஆல்பத்தில், பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பாருங்கள். எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை சங்க அலுவலகத்திற்கு வாருங்கள். எந்த விசேஷத்திற்கு, எந்த வருடம் கொடுத்தார் என்று ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் தேதியே அந்தப் பறவை இங்கே இருந்த தேதி. போட்டோ எடுத்துக்கொண்டு அட்டையை உங்களிடமே கையோடு திருப்பித் தந்துவிடுகிறேன். வேண்டுமானால் ரசீதும் தருகிறேன்.

அடுத்த இதழில் படங்களும் பட்டியலும் வெளியாகும். மேலே அவருடைய முழுப் பெயர் இருக்கும்.